மானுக்குத் தீவனம் போட இடம் பார்த்த கதை

மானுக்குத் தீவனத் திட்டு எங்கே போட வேண்டும் என்று நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள், புதிதாகச் சேர்ந்திருக்கும் பாரஸ்ட் கார்டுகளுக்கு உதவியாக இருக்கும் என்று உங்கள் பயிற்சிப் பொறுப்பாளர் என்னைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்துப் போட்டுவிட்டேன். மண் எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அதைத் திருப்பி எழுத நான் எதற்கு? எழுத வேண்டியது வேறு ஒன்று. அதை எழுத உட்கார்ந்தால் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன். என் மனைவி, "இன்னா, வயித்த கலக்குதா?" என்று கேட்கிறாள். ஏறக்குறைய அப்படித்தான்.

நான் வனவராக அதிக நாள் இருந்தது உத்திரமேரூர் வட்டாரத்தில். பெரிய காடு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். புலி இல்லை, யானை இல்லை. வேலிகாத்தான், காரை, களா, சூரை முள், நடுவே இலாகா வைத்த தைல மரம். அதற்குள் புள்ளிமான். காட்டைச் சுற்றி ஏரி, நெல் வயல், வேர்க்கடலைக் கொல்லை. பங்குனியில் காடு காய்ந்ததும் மான் கொல்லையில் இறங்கும். நாய் துரத்தும், கிணற்றில் விழும், கொல்லைக்காரர் ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் வந்து நின்று கத்துவார். இதைத் தடுக்கத்தான் காட்டுக்குள்ளேயே ஓர் ஏக்கர் உழுது கொழுக்கட்டைப்புல்லும் வேலிமசாலும் விதைத்துத் தண்ணீர் காட்டுவது. அதுதான் தீவனத் திட்டு.

என் முதல் திட்டை ஏரிக்கரை ஓரமாகப் போட்டேன். ஈரம் இருக்கிறது, புல் தானாக வரும் என்று கணக்கு. புல் வந்தது, இடுப்புயரம் வந்தது. மான் ஒன்றுகூட வரவில்லை. பொங்கல் முடிந்து ஒரு நாள் போனால் ஊர் மாடு முழுவதும் அதற்குள் நிற்கிறது. விரட்டலாம் என்று கம்பை எடுத்தேன். மாட்டுக்காரர் சிரித்த முகமாக வந்து, "பாரஸ்டர் சார், நல்ல புல்லு சார். பாலு ஒரு படி கூட கறக்குது. வர்ற வருசமும் இங்கயேதான போடுவீங்க?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆபீசில் இதைச் சொல்லி ஆறு மாதம் என்னைக் கிண்டல் செய்தார்கள். போகட்டும். அந்தத் தப்பில் யாருக்கும் நஷ்டம் இல்லை, மானுக்கு மட்டும்தான்.

இரண்டாவது திட்டில் அப்படி இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. சாலவாக்கம் போகிற பக்கம் ஒரு காப்புக்காடு. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆடி மாதம் ரேஞ்சர் கூப்பிட்டு, "இந்த வருஷம் உன் பிரிவுக்கு ஒரு தீவனத் திட்டு வந்திருக்கு. எடம் பாத்து ஃபாரம் எழுதிக் குடு. ஒண்ணு மட்டும் கேட்டுக்க, ஜீப் போகணும். பெரியவரு வந்தா நடக்க மாட்டாரு" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, எங்கள் இலாகாவில் இது ஒரு வியாதி. கன்று நட்டாலும் தொட்டி கட்டினாலும் ஜீப் நிற்கிற இடத்தில்தான். பார்க்க வருகிறவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தால் போதும், எல்லாம் தெரிய வேண்டும். நானும் அப்படியே பழகியிருந்தேன். ரோட்டை ஒட்டி இலாகாவின் பழைய நாற்றங்கால் ஒன்று இருந்தது. தரை சமம், கிணறு உண்டு, ஜீப் நேராக உள்ளே போகும். போய் நின்ற உடனேயே இதுதான் இடம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த நாற்றங்காலுக்கு மேற்கே, எல்லைக் கல்லுக்கு வெளியே, புறம்போக்கில் இருளர் குடிசைகள். கல் எறிந்தால் விழும் தூரம். அவர்கள் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவர்கள் அல்ல. நாற்றங்கால் நடந்த காலத்தில் மண் பை போட, தண்ணீர் ஊற்ற என்று எங்கள் இலாகாதான் கூப்பிட்டு வந்து வைத்தது. நாற்றங்காலை மூடிவிட்டார்கள். இவர்கள் எங்கே போவார்கள்? அங்கேயே இருந்துவிட்டார்கள்.

அங்கே பச்சையம்மா என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். காட்டில் எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் ஈரம் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. தினக்கூலிக்கு எங்களிடம் வேலை செய்வாள். நான் நாலு மூலைக்கும் குச்சி நடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் கிட்டே வந்தாள்.

"சார், இங்கியா போடப் போறீங்க?"

"ஆமாம்மா. தண்ணி ஊத்துற வேலை உனக்குத்தான். சந்தோசமா?"

"வேணாம் சார். உள்ள பாறையாண்ட போடுங்க. மூணு பக்கம் முள்ளு கீது, மான் பூந்து ஓடறதுக்கு வழி கீது. தூரமா இருந்தாலும் நான் சொமந்து ஊத்துறேன்."

"அங்க ஜீப்பு போவாதே."

"ஜீப்பா சார் புல்லு துன்னப் போவுது?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "மான் எங்க வூட்டாண்ட வந்து பழகிக்கினா எங்களுக்குப் பேஜாரு சார்" என்றாள்.

என்ன பேஜார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வாசலில் வேலை கொண்டுவந்து கொடுக்கிறேன், இவள் என்ன குறை சொல்கிறாள் என்று எனக்குக் கோபம். "வேலை வேணுமா, வேணாமா?" என்று கேட்டேன். அதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்? வாயை மூடிக்கொண்டாள்.

ஆபீசுக்கு வந்து இடத்தேர்வுப் படிவத்தை எடுத்தேன். அதில் ஒரு கட்டம்: அருகிலுள்ள குடியிருப்பு, அதன் தூரம். குடியிருப்புக்குப் பக்கத்தில் திட்டு போடக் கூடாது என்பது விதி. நாய் வரும், ஆள் நடமாட்டம் இருக்கும், மான் ஆளுக்குப் பழகிவிடும், அதற்காக. நான் கிராம வரைபடத்தை விரித்தேன். அதில் அந்தக் குடிசைகள் இல்லை. பட்டா இல்லாத வீட்டை எந்த வரைபடம் காட்டும்? மேற்கே தரிசு என்று இருந்தது. பெரிய ஊர் ஒரு மைலுக்கு அப்பால். பேனாவை எடுத்து, அருகில் குடியிருப்பு ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அங்கே ஒரு வீட்டில் சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தேன்! மனசு கொஞ்சமும் உறுத்தவில்லை. அதைத்தான் இன்று நினைத்தால் பொறுக்க முடியவில்லை. பொய் எழுதுகிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. வரைபடத்தில் இல்லை, அதனால் இல்லை. ரேஞ்சரும் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி மழையில் புல் எழுந்தது. தை மாதத்துக்கெல்லாம் மான் வர ஆரம்பித்துவிட்டது. விடியற்காலையில் பதினைந்து, இருபது உருப்படி நிற்கும். மாவட்ட அதிகாரி வந்தார், ஜீப்பில் இருந்தபடியே பார்த்தார், "வெரி குட்" என்றார். போட்டோ எடுத்தார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த வருஷம் அது. நான் தரையில் நடக்கவில்லை.

பங்குனி வந்தது. உள்காட்டில் பச்சை என்று ஒன்றும் இல்லை. மான் எல்லாம் இந்தத் திட்டையே சுற்றிக் கிடந்தது. எந்த நேரம் வரும், எந்தப் பக்கம் வரும் என்று ரோட்டில் பஸ்ஸில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். ஒரு காலை ஏழு மணிக்குத் தகவல் வந்தது. திட்டில் ஒரு பெட்டை மான் செத்துக் கிடக்கிறது, கழுத்தில் கம்பிச் சுருக்கு.

நான் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஊரில் பாதி அங்கே நின்றது. பத்திரிகைக்கு எழுதுகிற ஒருத்தர் வாலாஜாபாத்தில் இருந்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒரு குரல், "வேற யாரு? அதோ கீறானுங்களே, அவனுங்கதான்" என்றது. இன்னொருவர், "பொழுதுக்கும் எலியும் பாம்பும் புடிக்கறவனுக்கு மான் புடிக்கத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தலை கொதித்தது. என் மான், என் திட்டு, என் பெயர். வேறு எந்த யோசனையும் இல்லை. "குடிசையெல்லாம் சோதனை போடுங்கடா" என்று கார்டுகளைப் பார்த்துக் கத்தினது நான்தான். ரேஞ்சர் இன்னும் வந்து சேரவில்லை. யாரும் என்னை ஏவவில்லை. முதல் குடிசை பச்சையம்மாவுடையது. அவள் புருஷன் மாரி வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கார்டுகள் உள்ளே போய் ஒரு கடப்பாரையும் எலி பிடிக்கிற நாலு கிட்டியும் கொண்டுவந்தார்கள். கம்பி ஒரு முழம்கூட இல்லை.

"எங்கடா கம்பி?" என்று மாரியின் சட்டையைப் பிடித்தேன்.

"கம்பி இல்ல சார்."

"பொய் சொன்ன, தோலை உரிச்சிடுவேன்."

"புல்லுக்குத் தண்ணி ஊத்தறது எம் பொண்டாட்டி சார். அத்தத் துன்ன வர்ற மான நான் கொல்லுவனா?"

நான் சட்டையை விடவில்லை.

ஒன்பது மணிக்கு ரேஞ்சர் வந்தார். இறங்கும்போதே, "ஆள் கெடச்சானா?" என்றுதான் கேட்டார். போட்டோக்காரர் நிற்பதைப் பார்த்துவிட்டார். மாவட்ட அதிகாரி ஏற்கனவே போனில் பிடித்து வாங்கியிருக்கிறார். "மூணு மணிக்குள்ள கோர்ட்ல ஆளை நிறுத்தணும். மகஜர் எழுது" என்றார்.

மகஜர் எழுதிப் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பவ இடம் எது, அங்கே என்ன பார்த்தோம், எதைக் கைப்பற்றினோம் என்று சாட்சிகளை வைத்துக்கொண்டு அங்கேயே எழுதுகிற காகிதம் அது. அதில் முதலில் செக்குபந்தி எழுத வேண்டும், அதாவது இடத்தின் நாலு எல்லை. ஜீப் பானெட்டில் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தேன். கிழக்கே தார் ரோடு. வடக்கே காப்புக்காடு. தெற்கே பழைய கிணறு. மேற்கே...

பேனா அப்படியே நின்றுவிட்டது.

மேற்கே என்ன எழுதுவது? குடிசைகள் என்று எழுதினால், அருகில் குடியிருப்பு இல்லை என்று போன ஆடியில் நானே எழுதின படிவம் என்ன ஆகிறது? இரண்டும் என் கையெழுத்து. இரண்டும் ஒரே பீரோவில் இருக்கப் போகிறது. புல் போடும்போது இல்லாத வீடு, திருடன் வேண்டும் என்றதும் எப்படி முளைத்தது?

ரேஞ்சரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அவரும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்தானே.

"குடிசைய எழுதாத. வூட்டுல சோதனை போட்டதையே எழுதாத. உள்காட்டுல பாறைக்கிட்ட கண்ணியோட நின்னுக்கிட்டிருந்தான், துரத்திப் புடிச்சோம்னு எழுது. அங்க வூடும் கெடையாது ஒண்ணும் கெடையாது. ரெண்டு காயிதமும் ஒத்துப் போயிடும்."

"சார், அவனை நாம குடிசையிலதான்..."

"யோவ், அவன் இருளன்யா. எவன் வந்து கேக்கப் போறான்? ஜாமீன் எடுக்கக்கூட ஆள் வராது. எழுதுய்யா!"

நான் வீரன் என்று நினைக்காதீர்கள். அவர் சொன்னது எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்பாடா, வழி இருக்கிறது என்றுதான் நினைத்தேன். புதுக் காகிதம் எடுத்தேன். ஆனால் கை எழுத மாட்டேன் என்கிறது. பேனாவில் மை இல்லை என்றேன், உதறினேன். தண்ணீர் வேண்டும் என்றேன். கிணறுவரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ரேஞ்சர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார்.

அப்படி அலைந்துகொண்டிருக்கும்போதுதான் செத்த மான் கிடந்த இடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். ஒன்பது மணிவரை அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை, தம்பிகளே! நேராகக் குடிசைக்குள் அல்லவா புகுந்தேன். சுருக்கு இருந்தது கிழக்கே, ரோட்டோரம், வேலியில் ஆள் நுழைகிற சந்தில். கம்பி, மோட்டார் சைக்கிளின் பிரேக் ஒயர். அதைக் கட்டியிருந்த முளை சவுக்கு முளை, சீவிக் கூராக்கினது. குடிசைப் பக்கம் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. சவுக்கு முளை அடித்து வேலி போடும் அளவுக்கு அவர்களுக்கு நிலமும் இல்லை. ரோட்டில் வந்து, வண்டியை நிறுத்தி, சுருக்கு வைத்துவிட்டுப் போனவன் வேலை அது. யார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை, அதனால் சொல்ல மாட்டேன்.

கிணற்றடியில் பச்சையம்மா குடத்தோடு நின்றாள். புருஷனைக் கயிறு கட்டி ஜீப்பின் பின்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். இவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டே கிட்டே போனேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"சார், வடக்கு பக்கம் நாலு பாத்திக்கு இன்னும் தண்ணி ஊத்தல. ஊத்தட்டா, நிறுத்திடட்டா?"

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். வெட்கம், வேறு வார்த்தை இல்லை. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். புருஷன் ஜெயிலுக்குப் போகப் போகிறான், வேலையாவது மிஞ்சுமா என்று பார்க்கிறாள். அந்த வேலையைக் காட்டித்தான் அன்றைக்கு நான் அவள் வாயை மூடினேன்.

"ஊத்தும்மா" என்றேன். திரும்பி வந்து பானெட்டில் காகிதத்தை வைத்து நின்றவாக்கில் எழுதினேன். மேற்கே, முப்பது கஜத்தில், பல வருடங்களாகக் குடியிருந்துவரும் இருளர் வீடுகள் பதினொன்று. சுருக்கு இருந்தது கிழக்கே ரோட்டோரம். மாரி என்பவர் வீட்டைச் சந்தேகத்தின் பேரில் சோதித்ததில் எலி பிடிக்கும் கிட்டி நாலு, கடப்பாரை ஒன்று. கம்பியோ கறியோ தோலோ இல்லை.

சாட்சிக் கையெழுத்துக்குக் கூட்டத்தில் ஒருவரும் முன்வரவில்லை. ஊர்த் தலையாரி நின்றுகொண்டிருந்தார், கிராம நிர்வாக அலுவலருக்கு உதவியாள். அவரைக் கூப்பிட்டேன். படித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"சார், எங்க கணக்குல இது தரிசு சார். வூடுன்னு போட்டா வி.ஏ.ஓ. என்னத் தொலைச்சிடுவாரு."

"கணக்கு கெடக்கட்டும். உன் கண்ணு முன்னாடி இன்னா தெரியுது?"

"வூடு தெரியுது சார்."

"அப்ப போடு."

போட்டார். அவருக்கு என் மேல் கோபம் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "எங்க கொல்லையில எலி புடிச்சிக் குடுக்கறதே இந்த மாரிதான் சார்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். இதை எட்டு மணிக்குச் சொல்லியிருக்கக் கூடாதா மனுஷன்!

ரேஞ்சர் மகஜரை வாங்கிப் படித்தார். முகம் கறுத்துப்போயிற்று. "நீ கெட்டது மட்டுமில்லாம என்னையும் கெடுத்துட்ட. ஒனக்கு பதினேழு பி நிச்சயம்" என்றார். வேலைக்கே உலை வைக்கிற குற்றச்சாட்டுக் குறிப்பாணை அது. சொன்னபடியே வந்தது. பட்டியலில் இருந்து என் பெயர் போனது. வனவராகவே ஓய்வு பெற்றேன். ரேஞ்சரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள், எனக்குப் பதவி உயர்வு ஆசை. இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தோம், அன்றைக்கு நான் நடுவழியில் இறங்கினேன், அவ்வளவுதான்.

மாரியை அன்றே விட்டுவிடவில்லை. விசாரணை என்று ரேஞ்ச் ஆபீசில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். இந்த மகஜரை வைத்துக் கேஸ் நிற்காது என்று தெரிந்த பிறகுதான் விட்டார்கள். அவன் வெளியே போகும்போது நான் வாசலில் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவன் என்னைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பில் நின்ற பச்சையம்மாவை நோக்கிப் போய்விட்டான். அவன் சட்டையில் நான் பிடித்த இடத்தில் இரண்டு பொத்தான் இல்லை.

அடுத்த மழைக்குத் திட்டைப் பாறைப் பக்கம் மாற்றினோம். எங்கே குச்சி நட வேண்டும் என்று பச்சையம்மாவே நடந்து காட்டினாள். மூன்று பக்கம் முள், ஒரு பக்கம் பள்ளம். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மேலதிகாரியும் அங்கே வந்து பார்த்ததில்லை. நான் இருந்தவரை அதில் ஒரு மானும் சுருக்கில் சாகவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நாலு தடவை கிழித்திருக்க மாட்டேன்.

இடத்தை மாற்றிச் சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் பச்சையம்மா ஆபீசுக்கு வந்தாள். என் மேசைக்கு எதிரே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பழைய கோபத்தையெல்லாம் இன்று கொட்டப்போகிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தயாராக இருந்தேன்.

"சார், அன்னிக்கு நீங்க எழுதினீங்களே ஒரு காயிதம், அதுல ஒரு நகலு வேணும்."

"எதுக்கும்மா?"

"பட்டா கேட்டு தாலுக்கா ஆபீசுக்குப் போனோம். அங்க வூடே இல்ல, தரிசுதான் கீதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எங்க வூடு கீதுன்னு கவர்மெண்டு எழுதின காயிதம் அது ஒண்ணுதானாமே. தலையாரி சொன்னாரு."

"அது கேஸ் காயிதம்மா. மாரி மேல சந்தேகம்னு அதுல எழுதிகீது. அத்தக் காட்டினா உங்களுக்குத்தான் அசிங்கம்."

"இருக்கட்டும் சார். வூடு கீதில்ல?"

பீரோவைத் திறந்து எடுத்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டுங்கள் என்றாள். படித்தேன். மேற்கே, முப்பது கஜத்தில், பல வருடங்களாகக் குடியிருந்துவரும் இருளர் வீடுகள் பதினொன்று.

"பன்னண்டு சார்" என்றாள்.

"பதினொண்ணுதானே எண்ணினேன்?"

"கடைசியில கூரை சரிஞ்சி ஒண்ணு கீதே, அது எங்க சின்ன நாத்தனார் வூடு. அவங்க அப்போ செங்கல் சூளைக்குப் போயிருந்தாங்க."

அதை நான் ஆட்டுப்பட்டி என்று நினைத்து விட்டுவிட்டேன். பொய் எழுதக் கூடாது என்று என் வேலையைப் பணயம் வைத்து எழுதின காகிதம். அதிலும் ஒரு வீட்டைக் காணோம். மகஜரைத் திருத்த முடியாது, சாட்சி கையெழுத்துப் போட்டது என்று அவளிடம் சொன்னேன்.

"அப்ப அவங்க இன்னா சார் பண்ணுவாங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்றைக்கே அவளோடு போனேன். ஒவ்வொரு வாசலாக நின்று, பெயர் கேட்டு, எத்தனை பேர் என்று கேட்டு எழுதினேன். சரிந்த கூரைக்குள்ளும் குனிந்து போனேன். உள்ளே அடுப்பு இருந்தது, சாமி படம் இருந்தது. பன்னிரண்டு வீடுகள் என்று தனியாக ஒரு கள ஆய்வுக் குறிப்பு எழுதி, சீல் குத்தி, அவள் கையில் கொடுத்தேன். பட்டா உடனே வந்துவிடவில்லை. வருஷங்கள் ஆயின. நான் மாற்றலாகிப் போன பிறகு வந்தது என்று கேள்விப்பட்டேன். என் காகிதத்தால் வந்தது என்று மார்தட்ட மாட்டேன். பச்சையம்மா தாலுக்கா ஆபீஸ் வாசலில் போய்ப் போய் நின்றதால் வந்தது.

அந்தக் குறிப்புக்காகவும் எனக்கு ஒரு மெமோ வந்தது. ஓர் இடத்தில் குடியிருப்பு உண்டு என்று சான்று கொடுக்க வனவருக்கு எந்த விதியின் கீழ் அதிகாரம் இருக்கிறது, ஏழு நாளில் விளக்கம் தருக என்று கேட்டிருந்தார்கள். விதிப் புத்தகத்தை எடுத்துத் தேடிக்கூடப் பார்க்கவில்லை. நேரில் போய் எண்ணினேன் என்று ஒரே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, அன்றைய தபாலிலேயே அனுப்பிவிட்டேன்.